சுண்ணாம்புக்காரன் கணக்கு

ஓவியர்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னால்
என்னைக் கூப்பிடுவார்கள்.
அஸீலா கோட்டைக்குள்
அழிப்பதற்குக் கூலி வாங்குகிறவன்
நான் ஒருவன்தான்.

போன கோடையில் ஒரு சிலி நாட்டுப் பெண்
ஒன்பது நாள் ஏணியில் நின்று வரைந்த நீலக் குதிரை.
உப்புக்காற்றில் மூக்கு ஏற்கெனவே உரிந்திருந்தது.
முதலில் கண்ணைத்தான் மூடுவேன்.
அது பார்த்துக்கொண்டிருந்தால்
என் கை ஓடாது.
ஒரு பூச்சில் குதிரை மூடுபனிக்குள் போகும்.
மறு பூச்சில்
அங்கே குதிரை நின்றதென்று
சந்துப் பூனைக்கும் நினைவிருக்காது.

ஊரில் மற்றதெல்லாம் அப்படி அப்படியே.
போர்த்துக்கீசியன் மதில், அதன் காலைக் கடித்தபடி கடல்.
வியாழக்கிழமை தவறாமல் மலைப்பெண்கள்
வைக்கோல் தொப்பியும் சிவப்புக்கோட்டுத் துண்டுமாய்
ஓலையில் பொதிந்த பாலாடைக்கட்டியோடு வருகிறார்கள்.
பொது அடுப்பில் பூசெல்ஹாம்
மூடிய துணியைப் பார்த்தே
எது யார் வீட்டு ரொட்டி என்கிறான்.
(துணி மாறிய அன்று
ஒரு சந்தே சண்டைக்கு இறங்கியது.)

சுவர் மட்டும்
வருஷத்துக்கு ஒரு நகக்கனம் தடிக்கிறது.
சந்து ஒடுங்குகிறது, ஐயா, என்றேன்.
நகராட்சிக்காரர் சிரித்தார்.

ரீமூ மகளின் கல்யாண இரவில்
யாரும் சிரிக்கவில்லை.
நான்கு தோள்களில் மணப்பெண்ணின் பல்லக்கு,
கெய்த்தா பிளிற, மத்தளம் அதிர,
கடல் வாசலிலிருந்து வந்து
மசூதித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.
முன்னால் போனவர்கள் பாடிக்கொண்டே போய்விட்டார்கள்.
இடப்பக்கம் சாய். தூக்கு. தூக்காதே.
நான் இறங்கி நடக்கிறேனே, என்றாள் உள்ளிருந்தவள்.
கூடவே கூடாது என்றன ஏழெட்டுக் குரல்கள்.
ஒரே உந்து.
பல்லக்கின் மூலை சுவரை உரசி வெளியேற
என் புதுச் சுண்ணாம்பு பாளமாய்ச் சரிந்தது.

அடியில் மஞ்சள்.

உள்ளங்கை அகலம்.
பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையின் மஞ்சள்.

வறட்சி வருஷத்து மீன் அது, என்றான் கெய்த்தாக்காரன்.
மீனா? என் தம்பியின் படகு திரும்பாத வருஷம்
இங்கே ஒரு சூரியன் இருந்தது, என்றாள் பின்னால் ஒருத்தி.
நான் பிறந்த வருஷம், என்றது பல்லக்கு.
ஓவியரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.
என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை.
விளக்கைப் பிடித்து விளிம்பை எண்ணினேன்.
நூலளவு நீலம், அது குதிரை. விடு.
இந்த வெள்ளையில் மணல் அதிகம்,
கூலி பாக்கி வைத்த வருஷம்.
இது தண்ணீராய் இருக்கிறது,
எனக்குக் காய்ச்சல்.
இதில் மட்டையின் மயிர் ஒன்று ஒட்டியிருக்கிறது.
ஒன்பதாவது வெள்ளைக்கு வந்தபோது
கெய்த்தா மறுபடி பிளிறியது.
பல்லக்கு நகர்ந்தது,
இடப்பக்கத் திரையில் என் சுண்ணாம்போடு.

காலையில் வாளியோடு போனேன்.
மஞ்சள் ஒரு முழமாகியிருந்தது.
இரவில் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.
கீழே வெள்ளைத் தூள்,
அதில் ஒரு கொண்டை ஊசி.

மீனுமில்லை, சூரியனுமில்லை.
ஏதோ ஒன்றின் முதுகு.

மட்டையைத் தண்ணீரில் போட்டேன்.
ஊறட்டும்.
ஓவியர்கள் வர
இன்னும் மூன்று நாள் இருக்கிறது.