ஏழு மாத்திரை

சலெலோலோங்கா துறையிலிருந்து ஆசாவு வரை
என் மரப் பேருந்து ஓடும்.
இடமில்லை என்று யாரையும் விட்டுப்போனதில்லை.
எங்கள் தீவில்
ஒருவர் மடியில் இன்னொருவர் உட்கார்ந்துகொள்வோம்,
முன்பின் பார்த்திராதவர் மடியானாலும்.
காய்ச்சலும் அப்படித்தான் ஏறியிருக்கும்.
யார் மடியென்று கேட்காமல்,
காசு கொடுக்காமல்.

லூபேசீனாவுக்கு ஒன்பது வயது.
பிள்ளைகளின் வெள்ளை ஞாயிறுக்கு
பதினான்கு வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள்
ஒரு காலை கோகோவைத் தள்ளிவைத்தாள்.
எச்சில் விழுங்கக் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.
என்ஜினுக்குள் அடிக்கும் டார்ச்சை
அவள் வாய்க்குள் அடித்தேன்.
இருபுறமும் டான்சில்
சிவந்து, புடைத்து,
துருவிய தேங்காய் ஒட்டியதுபோல் வெள்ளை.

தாதி அகெனெசே கழுத்தைத் தடவினாள். கணுக்கள்.
சளி இல்லை, இருமல் இல்லை என்றாள்,
அது நல்ல சேதி என்று நினைத்தேன்.
நீளக் குச்சியில் பஞ்சு சுற்றித்
தொண்டையைத் தொட்டெடுத்தாள்.
பிறகு பத்து மாத்திரை.
நாளைக்கு ஒன்று.
பத்தும், என்றாள்.
பத்தும், என்று கதவு வரை வந்து சொன்னாள்.

மூன்றாம் நாள் என் மகள்
இரண்டு வாழைப்பழம் தின்றாள், தம்பியை அடித்தாள்.
குணமாகிவிட்டது, வேறென்ன?
மிச்சம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.
டீசலில் பிடிப்பேன், டயரில் பிடிப்பேன்.
அடுத்த முறை பெனியாமினாவுக்கு ஆகுமென்று
ஏழு மாத்திரையைச் சில்லறைப் பெட்டியில் போட்டேன்.

வெள்ளை ஞாயிறன்று வெள்ளைச் சட்டையோடு
பாயிலிருந்து எழ முடியவில்லை அவளால்.
முழங்கால் ஈரப்பலாவாக வீங்கியிருந்தது.
மறுநாள் அது வடிந்து
வலி கணுக்காலுக்கு இடம் மாறியது.
வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்றேன்,
அகெனெசேயிடமே சொன்னேன்.
அவள் பதில் பேசாமல்
கப்பல் எப்போது என்று கேட்டாள்.

ஆப்பியாவில் மருத்துவர் குழாயை என் காதில் வைத்தார்.
லப், டப், நடுவில் ஒரு ஊதல்.
எனக்குத் தெரிந்த சத்தம்.
சரியாக மூடாத என் பின்கதவு
காற்றில் அப்படித்தான் ஊதும்.
தொண்டைக் கிருமியைத் தேடிப் போன உடம்பின் காவல்
முகச்சாயலில் ஏமாந்து
இதயத்தின் கதவை அடித்துவிட்டதாம்.
மிச்சம் ஏழையும் இப்போது கொடுத்தால்,
என்று கேட்டேன்.
அவர் பேனா மூடியைப் பார்த்தார்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஊசி.
இருபத்தொன்று வயது வரை, குறைந்தது.
வருடத்துக்குப் பதின்மூன்று, பன்னிரண்டு வருடம்.
நூற்று ஐம்பத்தாறு.
கணக்கு எனக்கு வரும்,
அதுதான் தொல்லை.

ஜூனில் பெனிக்குத் தொண்டை கரகரத்தது.
பேருந்தைப் பயணிகளோடே மருத்துவமனைக்குத் திருப்பினேன்.
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தி பாடினாள்.
மூக்கொழுகல், இருமல், பஞ்சில் கிருமி இல்லை.
வைரஸ், தானாகப் போகும், என்றாள் அகெனெசே.
உப்பு வெந்நீரில் கொப்பளி, இளநீர் குடி,
கோப்பையை அக்காவோடு பங்கு போடாதே.
மாத்திரை கொடு என்று கத்தினேன்.
கொடுக்கவில்லை.
கொடுத்தால் எனக்குத்தான் குணமாகும், அவனுக்கல்ல என்றாள்.

வாய் திறக்க முடியாமல் போனால்,
எச்சில் வழிந்தால், மூச்சு இழுத்தால்
நடுராத்திரியானாலும் வா.
பழைய மாத்திரை ஏதும் இருக்கிறதா?

பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தேன்.
நாணயங்களுக்கு நடுவே, நிறம் வெளுத்து,
ஆறு.

இருக்கைகளுக்கு அடியில் தேடினேன்.
பலகைகளின் இடுக்கில் கம்பி விட்டுத் தேடினேன்.
இப்போதெல்லாம் ஜன்னல் திறந்தே ஓட்டுகிறேன்.
இறக்கத்தில் அது உருளும் சத்தம் கேட்கிறது.
பின்னிருக்கையில் யாரோ ஒருத்தியின் மடியில்
ஊசி போட்ட இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் லூபே
ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள்,
பாட்டைச் சத்தமாக வை என்கிறாள்.