பெருவிரல் எட்டும் இடம்

பீல் நகரில், மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம்.
நீரிழிவுக்காரரை நடக்கவைக்கும் செயலி.
சுடரை வரைந்தவள் நான்தான்.
ஆறாயிரம் அடி நடந்தால் எரியும்,
ஒருநாள் தவறினால் அணையும்.
அணைவதற்கென்று ஒரு சின்னச் சத்தம் வைத்தேன்.
அதற்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

பரிசோதனைப் பட்டியலில் நாற்பத்தேழாம் எண்.
இரவு 11.38. நானூற்றுப் பன்னிரண்டு அடி.
வரைபடத்தில் புள்ளி அசையவேயில்லை.
பார்க்க எனக்கு அனுமதி உண்டு,
கையெழுத்து வாங்கியிருந்தோம்.

தொலைபேசியில் கேட்டேன்.
பெயர் தவமலர், மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை.
"அண்ணையின்ர செத்தவீடு, பிள்ளை.
சனம் போனாப்பிறகு
குசினிக்குள்ளேயே சுத்திச் சுத்தி நடந்தனான்.
தொண்ணூறு நாள் எரிஞ்ச விளக்கு,
நூந்துபோகக் கூடாதெல்லே."
குறையாகச் சொல்லவில்லை.
நன்றி சொன்னார்.

ரேட்டோ கணக்கோடு வந்தான்:
சுடரை எடுத்தால்
நூற்றுக்குப் பதினான்கு பேர் திரும்பி வரமாட்டார்கள்.
பொய்யில்லை.
அந்தப் பதினான்கு பேரின் சர்க்கரையும் பொய்யில்லை.
இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சத்தத்தை மட்டும் அன்றே அழித்தேன்.
பிறகு சுடரை.
சாம்பல் நிறத்தில், எறும்பெழுத்தில்
அடியில் ஒளித்திருந்த "இன்று வேண்டாம்" என்பதை
"சரி"க்குப் பக்கத்தில், அதே அளவில்,
பெருவிரல் எட்டும் இடத்தில் வைத்தேன்.
ஏன் என்று அது கேட்காது.

செவ்வாய் அதை அழுத்தினார் தவமலர்.
புதனும்.
வியாழன் பின்னேரம், ஏரிப்பக்கமாக
புள்ளி நகரத் தொடங்கியது.
வரைபடத்தை மூடிவிட்டேன்.

எத்தனை அடி என்று
ரேட்டோ கேட்கிறான்.