பதினொரு கல்லு

டிப்பர் என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.
மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று
விசுவமடுச் சந்தியில் கியர் மாற்றி உறுமினால்
பத்தாம் வகுப்பு முழுவதும் திரும்பும்,
வீதியைப் பார்க்காது, என்னைப் பார்க்கும்.
கணக்குச் சேர்கூட ஒருக்கால்
சோக்குக் கையால் உதட்டை மறைத்தார்.

இன்றைக்கு நிறை பார்க்க வந்தார்கள்.
மண்டபத்துச் சீமெந்தில் தராசு ஆடியது.
ஒரு மூலைக்கு மட்டை மடித்து வைத்தார்கள்.
சுகாதாரத்து ஐயா மெதுவாகத்தான் சொன்னார்.
எழுதிக்கொண்டிருந்த ரீச்சருக்குக் கேட்கவில்லை.
“எவ்வளவு?”
“அறுபத்தெட்டு!”
யன்னலுக்கு வெளியே பெடியள் ஹோர்ன் அடித்தார்கள்.

அது எனக்குப் பழக்கம்.
வரிசையில் பின்னால் நின்ற டிலக்சிகா
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அது பழக்கமில்லை.

அடுத்தது அவள். முப்பத்தேழு.
“போன முறைக்கு இந்த முறை பரவாயில்லை.”
இறங்கும்போது சட்டைப் பையை
ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

இடைவேளையில், குழாயடிக்குப் பின்னால்,
குந்தியிருந்து அவள் கொட்டியதைக் கண்டேன்.
கிரவல் கல்லு. எண்ணினேன்.
வெள்ளைப் பையில் செம்மண் கறை.
எச்சில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க அது பெருத்தது.

அவளை ஈர்க்கு என்பார்கள்.
நோகுது என்று அவள் சொன்னதில்லை,
நான் கேட்டதுமில்லை.
நானும் இரண்டு தரம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

பெடியளுக்கு ஒரு சொல் போதும்,
நாளைக்கு அவளுக்குப் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள்.
நாக்கு நுனிவரைக்கும் வந்தது.
நல்ல பிள்ளை என்பதால் விழுங்கவில்லை.
வீட்டுக்கு ஐந்து கட்டை.
குளக்கட்டில் ஆனை நிற்கும்.
தனியப் போகப் பயம்.

நான் மிதிக்க, அவள் கரியரில்.
எதிர்க்காற்று.
ஒரு டிப்பர் எங்களை வெட்டிப் போனது,
இமை, பல்லு, கழுத்துப்பட்டி,
இரண்டு பேரும் ஒரே சிவப்பு.
“ஏன் கதைக்காமல் வாறாய்?” என்றாள்.
“ஒண்டுமில்லை.
காலமை பின்னுக்கு இருந்த பாரம்
இப்ப இல்லை.”

பாலம் வந்தது.
பாலம் போனது.
பிறகு என் முதுகில் ஏதோ வந்து சாய்ந்தது.
நெற்றியோ, புத்தகப் பையோ தெரியாது.
மேட்டில் மிதிக்கேக்க
திரும்பிப் பார்த்தால் சைக்கிள் சரியும்.