மூன்றாம் நாள், பிற்பகல்

உலோக அரிப்பு பற்றிய மாநாடு.
பதினோரு நாடு, முப்பத்தெட்டுப் பேர்,
சாப்பாட்டு மேசையிலும் துருவையே பேசுகிறவர்கள்.
என் கட்டுரைக்கு இடமில்லை என்று சொன்னவர்களே
என்னைச் சுற்றுலாக் குழுவில் போட்டார்கள்.
குழு என்றால் நான்.
நானும், எதற்கெடுத்தாலும் ரசீது கேட்கும்
கணக்குப் பிரிவுச் செல்லக்கண்ணுவும்.

எக்செல் தாளில் செட்டிநாட்டை விரித்தேன்.
இரண்டு பத்து: காரைக்குடியில் பேருந்து.
இரண்டு நாற்பது: ஆத்தங்குடி,
கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுவதைப் பார்க்கலாம், விரல் வைக்கக் கூடாது.
மூன்றரை: கானாடுகாத்தான், பெரிய வீடு.
நாலரை: தேநீர், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம்.
ஐந்தே கால்: கண்டாங்கிக் கடை, அறுபது நிமிடம்.
செல்லக்கண்ணு பார்த்துச் சிரித்துவிட்டு
அதைத் தொண்ணூறாக்கினார்.

கடிதங்கள் வந்தபடி இருந்தன.
பின்லாந்து: கோயிலுக்குள் காலுறை போடலாமா?
ஒசாகா: முன் இருக்கை கிடைக்குமா, எனக்குக் குமட்டும்.
பிரேசில்: இரவில் ஆட்டம் உண்டா?
போலந்து: காரம் என்கிறீர்களே, எவ்வளவு காரம்?
காரத்துக்கு அலகு கேட்டால் என்ன எழுதுவது?
'மூக்கு ஒழுகும், உயிர் போகாது'
என்று அடித்து, அழித்து,
'மிதமானது' என்று பொய் அனுப்பினேன்.

அன்றைக்கு
ஆத்தங்குடி வரை எல்லாம் சரி.
கானாடுகாத்தானில்
வீடு பூட்டிக் கிடந்தது.
சாவிக்காரர் சூசை கல்லலில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்.
அலைபேசி அணைந்திருந்தது.
நான்கு மணி வெயில்,
ஒரு தெரு நீளத்துக்கு நிழலில்லாத மதில்,
முப்பத்தேழு பேர் (ஒருவர் பேருந்தில் தூங்கினார்).
மன்னிப்பை ஆங்கிலத்தில் மூன்று விதமாக மனசுக்குள் கோத்துக்கொண்டு
திரும்பினால்,
கேட்க ஆளில்லை.

எல்லோரும் இரும்புக் கதவின் முன் குந்தியிருந்தார்கள்.
போலந்துப் பேராசிரியர் மண்டியிட்டு
உள்ளங்கை அகலப் பூட்டைப்
பச்சைக் குழந்தையின் முகம்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கம்பிகள் மேலே கருகருவென்று நன்றாக இருக்கின்றன,
அடியில் மட்டும் ஒரு முழம்
அடுக்கடுக்காய் உரிகிறதே, ஏன்?
உப்புக் காற்றா? கடல் எத்தனை தூரம்?
தொண்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் இருக்கும் என்றேன்.
அப்படியானால் நிலத்தடி நீரா?
பழைய வார்ப்பில் கந்தகமா?
இரண்டு கட்சி உருவாகி
ஒசாகாவும் பிரேசிலும் குரல் உயர்த்த,
ஓட்டுநர் அந்தோணிராசு பீடியை அணைத்துவிட்டு வந்து
என்ன சண்டை என்றார். சொன்னேன்.
ஒரு பார்வைதான்.
"அடியில மட்டுந்தானே? நாய்ங்கம்மா."

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.
சபைக்கேற்ற சொல் தேடினேன், அகப்படவில்லை.
காலைத் தூக்கிக் காட்டாத குறை.
ஒரு கணம் அமைதி.
பிறகு தெருவே அதிரச் சிரிப்பு.
பின்லாந்துக்காரர் மட்டும் சிரிக்காமல்
குறிப்பேட்டில் எழுதினார்: யூரியா, குளோரைடு,
ஓட்டுநரின் பெயருக்கு எழுத்துக்கூட்டல் என்ன?

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்
போலந்துக்காரர் என் கழுத்து அட்டையைப் படித்தார்.
'வாலன்டியர்' என்பது குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார்.
"டாக்டர் வாலன்டியர், உங்கள் ஆய்வு எதில்?"

உவர்மண்ணில் புதைந்த கம்பி, என்றேன்.
எப்படி அளக்கிறீர்கள், என்றார்.
கீழே கிடந்த குச்சியை எடுத்துப்
புழுதியில் வளைகோடு போட்டேன்.
எனக்குத் தராத பதினைந்து நிமிடம்
அந்த மதிலடியில் இருபதானது.
இடையில் ஒரு ஆடு என் எக்ஸ் அச்சின்மேல் நடந்து போனது.
இரண்டு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.
தெரியவில்லை என்றே சொன்னேன்.

ஐந்து மணிக்குச் சூசை வேர்க்க வேர்க்க வந்து திறந்தார்.
பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்க
ஆறு பேர் போனார்கள்.
தேநீர் ஆறிப் போயிருந்தது.
கந்தரப்பத்தில் எட்டு குறைந்தது, யார் தின்றார்கள் என்று இன்றுவரை தெரியாது.
கண்டாங்கிக் கடைக்குப் போகவேயில்லை.

மறுநாள் செல்லக்கண்ணு கேட்டார்:
வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் ஆறு பேருக்குத்தான் ரசீது இருக்கு,
மீதி முப்பத்தொரு பேரும்
ரெண்டு மணி நேரமா எதைம்மா பாத்தாங்க?