எதிர்ப்பக்கத்து மின்சாரம்

மதர்போர்டு ரிச்சி தெருவில் பேரம் பேசியது.
பெட்டி, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டருடையது.
கிராபிக்ஸ் கார்டு யாருக்கோ பிட்காயின் தோண்டித் தோண்டி
விசிறி தேய்ந்து வந்தது.
பவர் சப்ளை மட்டும் புதுசு.
அதற்காக மூன்று வளைகாப்பும் ஒரு மஞ்சள் நீராட்டும்
எடிட் செய்து கொடுத்தேன்.

இதில் ஆப்பிள் ஏறாது என்றார்கள்.
ஏற வேண்டுமென்றால்
இது பொய் சொல்லப் பழக வேண்டும்.

பென்டிரைவில் ஒரு சின்னக் கோப்பு.
அதில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்:
நீ பிறந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது.
உனக்கு வெள்ளி உடம்பு.
உன் வரிசை எண் இது, மறந்துவிடாதே.
யார் கேட்டாலும் ரெட்டிச்சாவடி என்று மட்டும்
வாய் தவறிச் சொல்லிவிடாதே.

எங்கள் சந்துக்கு இது புதிதில்லை.
இந்த ஓரம் கடலூர் மாவட்டம், அந்த ஓரம் புதுச்சேரி.
அத்தான் கார் பி.ஒய். நம்பர்,
இரவில் அது நிற்பது என் வாசலில்.
அக்கா மகன் வாடகை ரசீதின்படி
கன்னியக்கோவிலில் குடியிருக்கிறான்.
அந்த வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று கேட்டால்
அழுதுவிடுவான்.

முதல் தடவை
வட்டத்துக்குள் ஒரு குறுக்குக்கோடு வந்தது.
சாலையில் கண்டால் வண்டியைத் திருப்பியிருப்பேன்.
பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின,
ஓடி, ஏதோ ஒரு வரியில் நின்றன.
நிற்கிற வரிதான் நோவு.
பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன்:
எட்டாம் தேதி அரை லிட்டர்.
யு.எஸ்.பி. வாசல் பதினைந்துக்கு மேல் ஆகாதாம்.
ஒன்பதாம் தேதி பால் இல்லை.
மெமரியை இடம் மாற்றிப் பார்க்கவும்.

நாலாம் நாள் தெரிந்தது,
இது இன்னும் இரண்டாயிரத்து ஒன்பதில் இருக்கிறது.
ஜனவரி ஒன்று, காலை பன்னிரண்டு மணி,
ஒவ்வொரு தடவையும் அதே புத்தாண்டு.
கோவலன் சமையலறைத் தராசைக் கவிழ்த்து
உள்ளேயிருந்த பட்டன் பேட்டரியைக் கழற்றித் தந்தான்.
இனி பருப்பைக் கண்ணால்தான் அளக்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி
இன்னும் 2 நிமிடம் என்றது.
நாற்பது நிமிடமாக
இன்னும் 2 நிமிடம் என்றது.
அப்போது போனது கரண்ட்.
யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.
அதற்குப் பத்து நிமிட உயிர்.
எதிரே ஒயின் ஷாப் போர்டு
சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தது.

கல்லாவில் அற்புதராஜ்.
"கொஞ்சம் கரண்ட் குடுப்பா, வீட்டுல ஏறிக்கிட்டிருக்கு,
பாதியில நின்னா போச்சு."
"யாருக்குக்கா?"
பதில் சொல்லுமுன் அவன்
எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு ஓடி வந்துவிட்டான்.
ஒயர் சந்தைக் கடந்து, மாநிலம் கடந்து,
என் சன்னல் கம்பிக்குள் நுழைந்தது.
ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மரியாதையாக நின்று
அதன்மேல் மெல்ல ஏறி இறங்கியது.

உள்ளே கட்டில் காலி.
குளுக்கோஸ் பாட்டிலைத் தேடினான்.
மூடி கழன்று ஒயரெல்லாம் வெளியே கிடக்கும்
பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"பொழைச்சுக்குமா?" என்றான்.

பிழைத்தது.
ஆனால் ஊமை.
நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது,
கெட்டிமேளத்துக்கு விரல் ஆடுகிறது,
அட்சதை விழுகிறது, சத்தமே இல்லை.
ஒலிக்கு ஓர் எண் உண்டாம், எதுவென்று யாருக்கும் தெரியாதாம்.
ஒன்று போட்டேன், மூன்று, ஐந்து, ஏழு.
பதினொன்றில்
எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது, பந்தியில்,
"அப்பளம் இந்தப் பக்கம்" என்று ஒரு குரல்.
கோவலன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான்.

இப்போது கேட்டால் தன் விவரம் ஒப்பிக்கிறது:
வெள்ளி உடம்பு, பத்தொன்பது.
தூங்க மட்டும் விடுவதில்லை.
ஒருமுறை தூங்கினால் எழாது.

மூலையில் தினமும் ஒரு சின்னப் பெட்டி முளைக்கிறது:
புதிய பதிப்பு வந்திருக்கிறது, இன்றிரவு ஏற்றலாமா?
நாளை நினைவூட்டு என்று அழுத்துகிறேன்,
குழுக்கடன்காரருக்கு வாசலில் சொல்கிற அதே குரலில்.

அற்புதராஜின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.