இரும்புப் பெட்டி: ஒன்று

ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
இஜாஸின் கொமினிகேஷனில்
மின்விசிறி என் படிவங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது.
"என்ன வேலைக்குப் போறீங்க, தாத்தா?"
வேலைக்கு இல்லை, தம்பி.
வேலை கொடுக்க.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.
பிறகு, கேளாதவனைப் போலத் தட்டினான்:
முழுப்பெயர், சித்தி ரமீனா.
வகை, வெளிநாட்டு முதலீட்டாளர்.

அடுத்த கட்டம் பழைய விசா இலக்கம் கேட்டது.
அது எனக்கு மனப்பாடம்.
அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம், அப்போது என்னவாக இருந்தீர்கள் என்று.
பணிப்பெண் என்றேன்.
ஒரே தாளில் இரண்டு பேரும்
இரண்டு விரல் இடைவெளியில்
உட்கார்ந்திருந்தார்கள்,
பஸ்ஸில் முன்பின் அறியாதவர்கள் மாதிரி.

மூலதனம் எங்கிருந்து வந்தது?
மீராவோடையில் பதினாறு பேர்ச் காணி,
உறுதி வங்கியில்.
என் கலியாணத்து அட்டியல், அதுவும் வங்கியில்.
மிச்சம், பதினொரு வருசமாக
ஒரு மூன்று மாடி வீட்டின் படிகளைத் துடைத்துத் துடைத்துப் பொறுக்கியது.
இஜாஸ் "சேமிப்பு" என்று தட்டினான்.
சரிதான்.
செலவானது முழங்கால் மட்டும்.

தொழில்: துப்புரவுச் சேவை.
வேறென்ன தெரியும் எனக்கு?
கண்ணாடியில் தண்ணீர்க் கோடு விழாமல் இறக்கத் தெரியும்.
பளிங்குக்குத் தேசிக்காய் ஆகாது என்று தெரியும்.
வீட்டுக்காரி எந்த விரலால் தூசி பார்ப்பாள் என்றும்.

பணியாளர் எத்தனை? ஆறு.
அந்த ஆறு பேரும் இப்போதே என் கேற்றடியில்.
பேத்தாழைக் கமலவேணி நுண்கடன் புத்தகத்தோடு,
ஜெஸ்மிலா இடுப்பில் பிள்ளையோடு,
மற்ற நாலு பேர் அவர்களுக்குப் பின்னால், வெயிலில்.
"எப்ப கூட்டிப் போவீங்க?"
சம்பளம் எவ்வளவு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
அப்போது நானும் கேட்கவில்லை.

இரவில் மஸ்கட்டிலிருந்து பைஜு பேசினான். ஏஜென்ட், மலையாளி.
"மேடம்" என்றான்.
கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.
அது நான்தான் என்று பிறகு பிடிபட்டு
உட்கார்ந்தேன்.

அலுவலகத்துக்கு விலைப்பட்டியல் வாசித்தான்.
மேசை ஒன்று, கதிரை மூன்று,
பெயர்ப்பலகை, இரண்டு மொழியில்.
இரும்புப் பெட்டி: ஒன்று.
"அது என்னத்துக்கு?"
"பாஸ்போர்ட் வைக்க, மேடம். எல்லாரும் வைக்கிறதுதான்.
ஒருத்தி ஓடினா எவ்வளவு நஷ்டம், உங்களுடையது சின்னக் கம்பெனி."

கணக்கு எனக்குத் தெரியும்.
ஒருத்தி ஓடினால் அட்டியல்.
இரண்டு பேர் ஓடினால் மீராவோடை.

நானும் ஒருநாள் ஓடப் பார்த்தவள்தான்.
கேற் வரைக்கும் போனேன், குப்பைப் பையோடு.
என் முகம் ஒட்டிய அந்தச் சின்னப் புத்தகம்
அவர்களுடைய அலுமாரிக்குள்
மோதிரங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.
பையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.
வெயில் அவ்வளவு, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"பெட்டிய வெட்டிடவா, மேடம்?
இல்ல, சின்னதா ஒண்ணு?"

வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம்
படகுகள் இயந்திரம் சூடேற்றும் சத்தம்.
"நாளைக்குச் சொல்றன்" என்றேன்.
நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் போனது.

நாலாம் நாள், விளக்கு வைத்த பிறகு
கமலவேணி தனியாக வந்தாள்.
"இத நீங்களே வெச்சிருங்க, அக்கா.
மனிசன் கண்டா கிழிச்சிருவார்.
உங்களிட்ட எண்டா பத்திரம்."

வாங்கினேன்.
சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சூடு
அட்டையில் இன்னும் இருந்தது.
அவள் ஒழுங்கை திரும்பும் வரை நின்றுவிட்டு
உள்ளே வந்து
எங்கே வைப்பது என்று
வீடு முழுக்கப் பார்த்தேன்.