இன்னும் குறைக்க ஏலுமா

துறைமுகத்தை எனக்கொரு கிற்றாரில் வெட்டித் தா என்றான்
துவான் ஃபைரோஸ், கொம்பனித்தெரு,
பாரந்தூக்கி ஓட்டுபவன்.
நாற்பது மீற்றர் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து
அவன் பார்க்கிற கொழும்பு
இரண்டு சிகரெட் பெட்டி அட்டைகளில்
நீலப் பேனையால் கிறுக்கப்பட்டிருந்தது:
கொன்டெய்னர் அடுக்கு, இழுவைப் படகு, அதன் புகை,
கயிறு, கயிறு, மேலும் கயிறு,
ஒலித்துளையின் விளிம்பில் ஒரு காகம்.

கொட்டாஞ்சேனையில், டயர்க்கடைக்கு மேலே,
என் பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
யாரும் கேட்டால் கடைப் பையன்
"கிற்றார் அக்காவா? படியில எண்ணெய், பார்த்து ஏறுங்கோ" என்பான்.
பார்த்து ஏறியவனிடம் பார்த்துத்தான் சொன்னேன்:
முதுகில் எவ்வளவும் வெட்டலாம், பலா தாங்கும்.
விலாவில் கயிறு ஓடட்டும்.
கழுத்து முனையில் காகம் நாலென்றாலும் இருக்கட்டும்.
முகத்தைத் தொடவேண்டாம்.
முகப்பலகை இரண்டே முக்கால் மில்லிமீற்றர்.
சத்தம் அங்கேதான் சாப்பிட்டு அங்கேதான் படுக்கிறது.

"முதுகை ஆர் பார்க்கிறது?" என்றான்,
"என்ர வயிறா?"

காசு வைத்தான். எண்ணினேன். வெட்டினேன்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால்
விரற்கணுவால் பலகையைத் தட்டிக் காது கொடுப்பேன்.
முதல் நாள்
சத்தம் உள்ளே ஒரு வட்டம் சுற்றி
ஆறுதலாய் வெளியே வந்தது.
கொன்டெய்னர்கள் முடிந்த அன்று அரை வட்டம்.
இழுவைப் படகின் புகைக்குப் பிறகு
பிஸ்கட் டின் மூடி.

மெலிந்தால் சத்தம் கூடும் என்பார்கள்.
கூடும், ஒரு எல்லைவரை, ஒரே சீராய் மெலிந்தால்.
இங்கே மேடு, பள்ளம், மேடு;
அதிர்வு கப்பலுக்குக் கப்பல் முட்டிக்கொண்டு
கரை காணாமல் களைத்தது.
உள்ளே இரண்டு விலாச்சட்டம் கூடுதலாய் ஒட்டினேன்,
இல்லாவிட்டால் நரம்பின் இழுவையில்
துறைமுகம் முழுக்க உள்ளே இறங்கிவிடும்.
இன்னும் பாரம். இன்னும் ஊமை.

காகத்தின் கண்ணுக்கு
பிள்ளையின் சுண்டுவிரல் நகமளவு சிப்பி.
அது மட்டும் ஒரு பின்னேரத்தைத் தின்றது.
பிழையென்று தெரிந்த வேலையில்
கை ஏன் இத்தனை பவ்வியமாகிறது?

நரம்பு பூட்டித் தடித்ததை மீட்டினேன்.
பக்கத்து வீட்டில், கதவு சாத்திய அறையில்,
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அவ்வளவுதான்.
மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.
பாதிக் காசை ஒரு கடித உறைக்குள் வைத்தேன்.

வந்தான். தலைக்கவசத்தின் தழும்பு நெற்றியில் ஈரமாய் இருந்தது.
படகைத் தடவினான், புகையைத் தடவினான்,
காகத்தை ஒன்றும் செய்யவில்லை.
வாசித்தான்.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் விழுங்கியது.
அது நின்றதும் தாடையை விலாவில் பதித்து,
பல்லால் கேட்பவன்போல், திரும்பவும் வாசித்தான்.

"இவ்வளவுதான் வருமா?"
"இவ்வளவுதான்."
"இன்னும் குறைக்க ஏலுமா?"

இரவு ஒரு மணிக்கு வேலை விடுகிறது.
வீடு ஒரே அறை; திரைக்குப் பின்னால் பிள்ளை.
கீழ்மாடி திலகரத்ன
தும்புத்தடியால் கூரையை இடிக்கிற ஆள்.
பழைய கிற்றாரை விற்றதே அதற்காகத்தானாம்.
முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.
"கேட்டீங்களா?" என்றான்.

உறையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

ஒரு வெள்ளி இரவு, இரண்டு பத்துக்கு, அவனுடைய அழைப்பு.
பேச்சில்லை. போனை அதன் பக்கத்தில் வைத்திருக்கிறான் போல.
மின்விசிறி. எங்கோ தண்ணீர்க் குழாய்.
ஒரு பிள்ளை புரண்டு படுத்தது.
"கேட்டதா?"
"கேட்டது" என்றேன்.

அதே மாதம் செய்த இன்னொன்று,
உளி படாத வெறும் முகம்,
கலியாண வீடுகளுக்குப் பைலா வாசிக்கும் குழுவுக்குப் போனது.
ஒலிவாங்கி இல்லாமலே
மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை எட்டுமாம்.
அது எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

காகத்துக்கு அவன் இன்னும் இரண்டாயிரம் பாக்கி.